உப்பளக் கரைக்கு ஏற்ற சுமை மோட்டார்: கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

1. பாடத்தின் நோக்கம்

உப்பு விற்கப் புறப்பட்ட பண்டைக்காலத்து உமணர்கள் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றார்கள் என்னும் செய்தி, புறநானூற்றில் ஔவையார் பாடிய 102-ஆம் பாட்டினால் தெரியவருகிறது. நுகம் பழகாத இளங்காளைகளும், மிகுந்த பாரமும், மேடுபள்ளம் தெரியாத வழியும் ஒன்றுசேர்ந்தமையால் அம்முன்னெச்சரிக்கை வேண்டியதாயிற்று. அவ்வச்சைக் கட்டவேண்டும் என்று முதலில் எண்ணியவர்கள், வண்டியைச் செய்து விற்றவர்களாயிருக்க இயலாது. அதனோடு வழிநடந்து, காட்டில் அச்சு முறிந்து நின்றவர்களாகவே இருக்கவேண்டும்.

இன்று மரக்காணத்து உப்பும், இரும்பைச் செம்மண் மேட்டின் முந்திரியும் மோட்டாரில் செல்லுகின்றன. ஆயினும் பழைய நியாயம் மாறவில்லை. சுமை வண்டியில் எது இருக்கவேண்டும், எது இல்லாமற்போனால் கெடுதி என்பதை நன்கு அறிந்தவன் அதனை நாள்தோறும் ஓட்டும் டிரைவரே. சங்கம் ஒன்று வண்டி வாங்க முற்படும்பொழுது விலை, வட்டி, தவணை ஆகியவற்றை விசாரிப்பது இயல்பு. டிரைவரின் அபிப்பிராயத்தைக் கேட்பது பெரும்பாலும் கடைசிக் காரியமாகிவிடுகிறது. அவன் கேட்பவை சொகுசு என்று எண்ணப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சொகுசல்ல என்பதையும், சங்கத்தின் மூலதனத்தையும் அங்கத்தினர்களின் உயிரையும் காப்பவை என்பதையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

2. நம் கரையின் இயல்பு

இரும்பை, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகே உள்ள கிராமம். சம்பந்தர் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் கோயிலை உடையது. அதனைச் சுற்றிய நிலம் மேட்டுச் செம்மண். மழைநீர் அறுத்த ஓடைகளும் பள்ளங்களும் வண்டித்தடங்களைக் குறுக்கிடுகின்றன. முந்திரி, சவுக்கு, மணிலாக்கொட்டை ஆகியவை இங்கே விளைவன. வடகிழக்கே சென்றால் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும், அதனை அடுத்து மரக்காணத்து உப்பளங்களும் இருக்கின்றன. கழுவெளி 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உப்பு விளைவு தை, மாசியில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரையில் நடைபெறும்.

முற்காலத்தில் இக்கரையின் உப்பும் விறகும் பக்கிங்காம் கால்வாயின் வழியாகப் படகில் சென்னைக்குச் சென்றன. பின்னர் லாரிகள் வந்தன. லாரி பெரிய வியாபாரிக்குப் பொருந்துமேயன்றி, நாளொன்றுக்கு ஒரு டன் சரக்கு அனுப்பும் சிறு சங்கத்திற்குப் பொருந்தாது. அக்குறையை நீக்கியது சிறு சுமை மோட்டாரே. 2005-இல் டாட்டா கம்பெனியார் வெளியிட்ட ஏஸ் என்னும் வண்டி, 702 கன சென்டிமீட்டர் எஞ்சினும் 750 கிலோ பாரம் தாங்கும் தட்டும் உடையது. நம்மவர் அதனைக் 'குட்டி யானை' என்று அழைக்கின்றனர். 2011-இல் ஒசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அது ஒன்றேகால் டன் ஏற்றக்கூடியது. மகேந்திராவின் பொலீரோ பிக்கப் வகைகள் ஏறக்குறைய 1.3 டன் முதல் 2 டன் வரையில் ஏற்றுவன. இவற்றுள் எது நல்லது என்று கேட்பதைவிட, நம் சரக்கிற்கும் நம் வழிக்கும் எது ஏற்றது என்று கேட்பதே முறை.

3. முதற் கேள்வி: எவ்வளவு பாரம்?

நல்ல டிரைவர் முதலில் கேட்பது எஞ்சினின் வலிமையை அன்று; வண்டி சட்டப்படி ஏற்றக்கூடிய பாரத்தையே. இதனைப் பதிவுப் புத்தகத்திலிருந்து ஒவ்வோர் அங்கத்தினரும் கணக்கிட்டு அறியலாம். வண்டியின் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழிக்கவேண்டும். வெற்று எடையில் டிரைவரும் உதவியாளும் சேரமாட்டார்கள். ஆகையால் அவர்களுடைய எடையையும் கழிக்கவேண்டும்.

உதாரணமாக, ஒரு வண்டியின் மொத்த எடை 2,500 கிலோ என்றும், வெற்று எடை 1,250 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 1,250 கிலோ. டிரைவரும் உதவியாளும் சேர்ந்து 130 கிலோ. சரக்கிற்கு எஞ்சியது 1,120 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டைகள் 22. இருபத்துமூன்றாவது மூட்டை சட்டத்திற்குப் புறம்பானது. தட்டின்மேல் இரும்புத் தகடு அடித்தும், பக்கங்களில் கம்பிச் சட்டம் பொருத்தியும் இருப்பின் அவற்றின் எடையும் மூட்டைக் கணக்கிற் குறையும்.

உப்பின் விஷயத்தில் இக்கணக்கு மிகவும் முக்கியமானது. ஏழடி நீளமும், நாலேமுக்கால் அடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தட்டின் கொள்ளளவு சுமார் 33 கன அடி. கல்லுப்பு ஒரு கன அடிக்கு 30 கிலோவுக்குக் குறையாது. ஆகவே அத்தட்டில் உப்பைத் தலைதட்டிக் கொட்டினால் ஏறக்குறைய ஒரு டன் ஆகிறது. தாங்கும் அளவோ 750 கிலோ. பெட்டி நிரம்புமுன்பே பாரம் நிரம்பிவிடுகிறது! வைக்கோல், சவுக்கு மிளாறு முதலியவற்றில் இதற்கு நேர்மாறாகப் பெட்டி முதலில் நிரம்பும். எனவே, கண்ணுக்கு இடம் இருப்பதைக் கண்டு உப்பு ஏற்றுதல் பெருந்தவறு. தட்டின் உட்பக்கத்தில் உப்பின் உச்ச அளவைக் காட்டும் கோடு ஒன்று தீட்டிவைப்பது எளிய உபாயம்.

மிகை பாரத்திற்கு விதிக்கப்படும் தண்டத்தையும் அறிதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி மிகை பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகையை இறக்கும் செலவும் வேறு. ஒரு நடையில் மிகை மூட்டைகளால் 400 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று வைத்துக்கொண்டாலும், ஒரே அபராதம் ஐம்பது நடைகளின் ஆதாயத்தை விழுங்கிவிடும். அபராதம் நேராதபொழுதும் ஸ்பிரிங் பட்டை, டயர், ஆக்ஸில், பிரேக் ஆகியவை அந்த மூட்டைகளுக்கான விலையை மெளனமாக வசூலித்துக்கொண்டே இருக்கும்.

4. உப்பு இரும்பைத் தின்னும் விதம்

இக்கரையில் வண்டிக்கு முதற்பகை மேடுபள்ளமன்று; துருவே. அது எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தால் காத்தல் எளிது.

தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டும்பொழுது அவ்வீரத்தை உறிஞ்சித் தானே நீராகக் கரையத் தொடங்கும். உப்பளத்திலிருந்து நேரே வரும் உப்பிலோ மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது சுமார் 33 சதவிகித ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். கடற்கரைக் காற்றில் அவ்வளவு ஈரம் இல்லாத நேரம் மிக அரிது. ஆகவே தட்டின் மூலையில் தங்கிய ஒரு பிடி உப்பு, வண்டி வெயிலில் நிற்கும்பொழுதும் உலராமல் இரும்பின்மேல் ஈரம் காத்துக்கொண்டிருக்கிறது. உப்பு கலந்த நீரில் மின்னோட்டம் எளிதிற் செல்வதால், துருப்பிடித்தல் வெறும் நீரில் நிகழ்வதைவிட விரைவாக நடைபெறுகிறது.

கண்ணுக்குத் தெரியும் வெளித்தகட்டில் உண்டாகும் துரு அவ்வளவு அபாயமன்று. சேஸிஸ் சட்டத்தின் உட்பள்ளம், பற்றவைத்த இணைப்புகள், ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, பிரேக் எண்ணெய் செல்லும் குழாய், பாட்டரியின் தரைக்கம்பி ஆகிய மறைவிடங்களில் உண்டாவதே கேடு விளைப்பது. பிரேக் குழாய் துருவினால் மெலிந்து, பாரத்தோடு ஓடும் வேளையில் வெடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகையால் டிரைவர் வண்டியை வாங்குமுன் அதன் அடியிற் குனிந்து பார்க்க விரும்பினால், அவனைத் தடுக்கலாகாது. அவன் பார்க்கவேண்டியவை: சட்டத்தில் நீர் வடியும் துளைகள் உண்டா, அடிப்பகுதிக்குத் துருத்தடைப் பூச்சு உண்டா, பிரேக் குழாய்கள் கல்லும் உப்பும் படாதவாறு மறைவாகச் செல்லுகின்றனவா, தட்டின் பலகையைக் கழற்றிக் கழுவ வழியுண்டா என்பன.

வாங்கிய பின் செய்யவேண்டியவையும் உண்டு. உப்பை வெறுந்தட்டிற் கொட்டாமல், கழற்றக்கூடிய கனத்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் ஏற்றவேண்டும். உப்பேற்றிய அன்று மாலையே, மேற்புறத்தைவிட அடிப்புறத்தை நன்றாக நன்னீரால் கழுவவேண்டும். கடற்கரைக் கிணறுகளின் உவர்நீரால் கழுவுவது, அழுக்கை நீக்கி உப்பைப் பூசுவதாகவே முடியும். ஏரியிலும் குளத்திலும் வண்டியை இறக்கிக் கழுவலாகாது; எண்ணெய்ப் பிசுக்கு பாசன நீரிலும் கால்நடை குடிக்கும் நீரிலும் கலக்கும். மேட்டில் ஒரு தளம் அமைத்து, தொட்டித் தண்ணீரால் கழுவுவது நல்லது. வடிதுளைகளை வாரந்தோறும் கம்பியால் குத்தித் திறக்கவேண்டும்.

இவ்வளவு உழைப்புக்குப் பயன் உண்டா என்று கேட்பவர்க்குக் கணக்கே விடை கூறும். வண்டியின் விலை ஆறு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுகள் உழைத்து, பின் 1,20,000 ரூபாய்க்கு விற்றால், தேய்மானம் 4,80,000, ஆண்டுக்கு 60,000, ஆண்டில் 250 நாள் ஓடினால் நாளொன்றுக்கு 240 ரூபாய். துருவினால் ஐந்தாண்டில் அழிந்து 60,000 ரூபாய்க்குப் போனால், தேய்மானம் 5,40,000, ஆண்டுக்கு 1,08,000, நாளொன்றுக்கு 432 ரூபாய். கழுவாமையின் கூலி நாளுக்கு 192 ரூபாய் என்பது இதனால் விளங்கும்.

5. தட்டும் ஏற்றிறக்கமும்

தட்டு தாழ்வாக இருத்தல் வேண்டுமென்று டிரைவர் கேட்பது, மூட்டை தூக்குவோரின் பொருட்டே. தட்டு ஒரு சாண் உயர்ந்தால், 22 மூட்டை ஏற்றும் ஆள் 22 முறை ஒரு சாண் மிகுதியாகத் தூக்கவேண்டும். இறக்குமிடத்திலும் அதே வருத்தம். ஆனால் செம்மண் ஓடைகளைக் கடக்க வண்டியின் அடிவயிறு உயர்ந்திருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன. ஆகையால் பெரும்பாலும் தார்ச்சாலையில் உப்பளத்திற்கும் சந்தைக்கும் செல்லும் சங்கம் தாழ்தட்டையும், முந்திரித்தோப்பின் உள்ளே செல்லவேண்டிய சங்கம் அடியுயரத்தையும் முதன்மையாகக் கொள்ளலாம்.

பின்கதவு மட்டுமின்றிப் பக்கக் கதவுகளும் கீழே மடங்கினால், குறுகிய வரப்பின்மேல் வண்டியைத் திருப்பாமலே ஏற்றலாம். ஜப்பானிய உழவர்களின் சிறு சுமை வண்டிகளில் இவ்வசதி வழக்கமானது. அவை சட்டப்படி 350 கிலோவே ஏற்றக்கூடியவை. அவ்வளவு சிறியனவாயினும் வயல்வரப்புக்கு ஏற்றவையாய் இருப்பதால் பெரிதும் விரும்பப்படுகின்றன. அந்நாட்டு விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் சுபாரு கம்பெனியாரின் ஸாம்பர் என்னும் வண்டியில் உழவர்க்கு வேண்டிய அமைப்புகளைச் சேர்த்த தனிவகை ஒன்றையே அங்கத்தினர்களுக்கு விற்றுவந்தன. விற்பவன் கொடுத்ததை வாங்காமல், வேண்டியதைக் கேட்டுப் பெறும் வலிமை சங்கத்திற்கு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

கயிறு கட்டும் கொக்கிகள் தட்டின் இருபக்கமும் நெருக்கமாக இருக்கவேண்டும். தார்ப்பாயின் ஓரம் பறந்து பின்வருவோன் கண்ணில் அடிக்கவோ, உப்பு சாலையிற் சிந்தவோ இடமிருக்கலாகாது. பாரத்தின் பெரும்பகுதி பின் ஆக்ஸிலுக்கு முன்புறமாக, டிரைவரின் அறையை ஒட்டி அமையவேண்டும். பின்விளிம்பில் பாரம் குவிந்தால் முன்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் ஸ்டியரிங் பிடிப்புக் கெடும்.

6. எஞ்சினும் சக்கரமும் பிரேக்கும்

இழுக்கும் வலிமையை அளப்பதற்குத் தார்ச்சாலை போதாது. முழுப் பாரத்தோடு வண்டியை ஓடைச் சரிவில் நிறுத்தி, மீண்டும் முதற் கியரில் மெல்ல எடுத்துப் பார்க்கவேண்டும். கிளச்சு புகையாமலும், வண்டி பின்வாங்காமலும் ஏறினால் போதும். ரிவர்ஸ் கியரிலும் அவ்வாறே பார்க்கவேண்டும். வரப்பின் முனையிலிருந்து பல வேளைகளில் பின்னோக்கியே வரவேண்டியிருக்கும்.

சேற்றில் ஒரு சக்கரம் வீணே சுழல, மற்றச் சக்கரம் அசையாமல் நிற்பதை யாவரும் கண்டிருக்கலாம். வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்திற் செல்ல இடந்தரும் பல்சக்கர அமைப்பே அதற்குக் காரணம். அதனைப் பூட்டும் வசதி சில வண்டிகளில் உண்டு. மழைக்காலத்திலும் தோப்புக்குட் செல்லவேண்டிய சங்கத்திற்கு அது பயன்படும். ஏனையோர் அதற்காகப் பணம் செலவிடவேண்டுவதில்லை.

பிரேக்கைப் பற்றி ஓர் உண்மையை மறக்கலாகாது. வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்த அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. பாரம் இரு மடங்கானால் அது இரு மடங்காகிறது. வெறுவண்டியில் இதற்கு வேறு விதமான அபாயம் உண்டு. பின்புறம் இலேசாயிருப்பதால், அழுத்திய மாத்திரத்தில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கமாக இழுக்கும். பாரத்திற்குத் தக்கபடி பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இதற்கென்றே அமைந்தது. அது பின் ஆக்ஸிலோடு இணைந்த சிறு கம்பியால் இயங்குவதுண்டு. உப்பினால் இறுகிப்போகாமல் அதனைக் கவனித்துவருதல் அவசியம்.

மாற்றுச் சக்கரம் மற்றவற்றுக்குச் சமமான அளவும் வலிமையும் உடையதாயிருக்கவேண்டும். அது தட்டின் அடியில் தொங்குமாயின், முழுப் பாரத்தோடு சேற்றில் நிற்கும்பொழுதும் அதனை எடுக்க முடிகிறதா என்று ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். உமணரின் மாற்று அச்சு கைக்கு எட்டாமல் இருந்திருந்தால் அதனால் என்ன பயன்?

எரிபொருளைப் பற்றிச் சில சொற்கள். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிக்கு உட்பட்ட வண்டிகளே விற்கப்படுகின்றன. அவ்வகை டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. எஞ்சின் நன்கு சூடேறி நெடுந்தூரம் ஓடினால்தான் அதிலுள்ள கரி எரிந்து நீங்கும். நாள் முழுவதும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அத்தகைய சங்கங்கள் பெட்ரோல், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றையும் ஆலோசிக்கலாம். 2022-இல் வெளியிடப்பட்ட மின்சார ஏஸ் 600 கிலோ ஏற்றுவது. சான்றளிக்கப்பட்ட ஓட்டம் ஒரு மின்னேற்றத்திற்கு 154 கிலோமீட்டர். பாரத்தாலும் வெப்பத்தாலும் அது குறையும் என்று கொள்ளவேண்டும். உப்புக் காற்றில் மின் இணைப்புகளைக் காப்பதும் கூடுதலான பொறுப்பாகும்.

7. டிரைவரின் அறை

வெப்பமும் அயர்வும் விபத்தை வளர்ப்பவை. சிறு வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் இருக்கையின் அடியிலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் அதன்மேல் ஆறு மணி நேரம் அமர்ந்திருப்பவன் காற்றோட்டம் கேட்பது நியாயமே. 2025 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள சுமை வண்டிகளில் டிரைவரின் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாயிற்று. நாம் பேசும் சிறு வண்டிகள் பெரும்பாலும் அவ்வளவுக்கு உட்பட்டவையாதலால் சட்டம் அதனைத் தரவில்லை. சங்கமே ஆலோசித்துத் தரவேண்டும்.

எஞ்சின் முன்புறம் நீண்டிருக்கும் வண்டியில் மோதலின்போது டிரைவரின் கால்களுக்கு முன்னே சிறிது இடம் இருக்கும், வெப்பமும் குறைவு. அறை முன்விளிம்பிலேயே அமைந்த வண்டியோ குறுகிய இடத்தில் திரும்பும்; அதே நீளத்தில் தட்டும் பெரிதாகும். எதனைப் பெற எதனை விடுகிறோம் என்பதை அறிந்து தெரிந்தெடுத்தல் வேண்டும்.

விடியுமுன் மீனும் பாலும் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையிற் செல்லும் வண்டிக்கு நல்ல முன்விளக்கும், தெளிவான பக்கக் கண்ணாடிகளும் இன்றியமையாதவை. சாலையிற் படுத்திருக்கும் மாடு கண்ணுக்குத் தெரியும் தூரமே டிரைவருக்கு உயிர்த்தூரம். உதவியாளுக்கும் வார்ப்பட்டை உண்டா என்று பார்க்கவேண்டும்.

8. தட்டில் ஆட்களை ஏற்றுதல்

இப்பகுதியை அங்கத்தினர்கள் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். உப்பளத்திற்கும் களத்திற்கும் வேலைக்குச் செல்லும் பெண்களையும் ஆண்களையும் சுமைத் தட்டில் நிறுத்தி ஏற்றிச் செல்வது நம் நாட்டில் பரவலான வழக்கம். கொண்டுசெல்பவருக்கு இரக்கமும் இருக்கலாம். செல்பவருக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் அது கொடிய வழக்கம். நிற்கும் ஆட்களின் பாரம் உயரத்தில் இருப்பதால் வளைவில் வண்டி எளிதிற் கவிழும். தட்டில் பிடியும் இல்லை, பட்டையும் இல்லை.

சட்டமும் இவ்விஷயத்தில் கடுமையானது. சரக்கின் உடைமையாளரோ அவருடைய பிரதிநிதியோ அன்றி, சரக்கு வண்டியில் ஏறிய பிற பயணிகளுக்காக இழப்பீடு தரும் கடமை காப்பீட்டு நிறுவனத்திற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை வண்டியின் உடைமையாளராகிய சங்கத்தின் தலையிலேயே விழும். உறுப்பினர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த நிதி ஒரே காலையில் அழியலாம். போன உயிர்களுக்கோ ஈடே இல்லை. ஆட்களைக் கொண்டுசெல்ல வேண்டுமாயின், பயணிகளுக்குரிய வேறு வண்டியை அமர்த்துவதே வழி.

9. சட்டக் குறிப்புகள்

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி பர்மிட் வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டால் பர்மிட் பெறவேண்டும். விலையோடு இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 7,500 கிலோ வரையுள்ள மொத்த எடை கொண்ட சரக்கு வண்டியை இலகுரக மோட்டார் லைசென்சு உடையவர் ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. தகுதிச் சான்று, புது வண்டிக்கு இரண்டாண்டும், எட்டாண்டு வரையில் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் பெறத்தக்கது. துருப்பிடித்த சட்டம் இச்சோதனையில் தப்பாது.

10. சங்கம் செய்யவேண்டுவன

1925-இல் ஃபோர்டு கம்பெனியார் மாடல்-டி காரில் சுமைப் பெட்டி பொருத்தித் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கினர். அதற்கு முன்பே பலர் தம் கார்களின் பின்பகுதியை அகற்றித் தாமே பெட்டி கட்டிக்கொண்டிருந்தனர். உபயோகிப்பவனின் தேவை முன்செல்ல, தொழிற்சாலை அதனைப் பின்தொடர்ந்தது. நாமும் அவ்வாறே முன்செல்லவேண்டும்.

வண்டி வாங்க நியமிக்கப்படும் கமிட்டியில் டிரைவர் ஒருவரும், மூட்டை ஏற்றும் தொழிலாளி ஒருவரும் இடம்பெறவேண்டும். விற்பனையாளரின் முற்றத்திற் பாராமல், சொந்தச் சரக்கை ஏற்றி, சொந்த வழியில் ஓட்டிப் பார்த்த பின்பே முடிவு செய்யவேண்டும். உதிரிப் பாகங்கள் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ அன்றைக்கன்றே கிடைக்குமா என்று விசாரிக்கவேண்டும். நடை, பாரம், எரிபொருள், கழுவிய தேதி ஆகியவற்றைக் குறிக்கும் ஏடு ஒன்று வண்டியிலேயே இருக்கவேண்டும். தேய்மானத்துக்கென மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்தால், அடுத்த வண்டிக்குக் கடன் குறையும்.

இவை எல்லாவற்றிலும் மேலான தீர்மானம் ஒன்று உண்டு. பாரம் போதும் என்று டிரைவர் சொன்னால், அதற்குமேல் ஒரு மூட்டையும் ஏற்றலாகாது. அவ்வாறு மறுத்ததற்காக அவனுடைய கூலியோ வேலையோ குறைக்கப்படலாகாது. இதனைப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவைக்கவேண்டும். இத்தீர்மானம் இல்லாத சங்கத்தில், மேற்கூறிய வசதிகள் அனைத்தும் அமைந்த வண்டியும் சில பருவங்களில் வீணாகும். அது உள்ள சங்கத்தில், எளிய வண்டியும் நெடுநாள் உழைக்கும்; டிரைவரும் மாலையில் வீடு வந்து சேருவான்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கவேண்டிய வினாக்கள்

1. நமது சரக்குகளில் எவற்றுக்குப் பெட்டி முதலில் நிரம்பும்? எவற்றுக்குப் பாரம் முதலில் நிரம்பும்?

2. நம் வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, அதில் சட்டப்படி எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று கணக்கிடுக.

3. வண்டியைக் கழுவ நம் கிராமத்தில் நன்னீர் எங்கே கிடைக்கும்? கழுவிய நீர் எங்கே போய்ச் சேரும்?

4. நமது நடைகளில் தார்ச்சாலை எவ்வளவு, மண்வழி எவ்வளவு? அதற்கேற்பத் தாழ்தட்டு வேண்டுமா, அடியுயரம் வேண்டுமா?

5. நம் தொழிலாளர்கள் வேலைக்கு எவ்வாறு செல்லுகின்றனர்? அவர்களைச் சுமைத் தட்டில் ஏற்றாதிருக்கச் சங்கம் என்ன ஏற்பாடு செய்யக்கூடும்?

6. பத்தாம் பகுதியிற் கூறிய தீர்மானத்தை நம் சங்கம் எந்தக் கூட்டத்தில் நிறைவேற்றப்போகிறது?